மனசு தேறிடுச்சு, எடை ஏறிடுச்சு… மாத்திரையை மாற்றலாமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறோம், உடம்பு பெருத்துக்கொண்டே போகிறது, டாக்டரிடம் சொல்லக் கூச்சம், நிறுத்தவும் பயம். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். ஈரோட்டு ஆசிரியைக்கு எழுதும் பதில் நீளமாக இருக்கும். அவர் கேட்டதில் மற்ற பலருடைய கேள்வியும் இருக்கிறது.

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். வயது 38, தனியார் பள்ளியில் ஆசிரியை. போன வருடம் அம்மா இறந்த பிறகு எனக்குத் தூக்கமே போய்விட்டது. விடியற்காலை மூணு மணிக்கு முழிப்பு வரும், அப்புறம் அழுகைதான். சோறு தொண்டையில் இறங்காது. 58 கிலோ இருந்தவள் 51-க்கு வந்துவிட்டேன். மனநல மருத்துவர் மிர்டாஸபின் என்ற மாத்திரையை ராத்திரிக்குக் கொடுத்தார், முதலில் 15 மி.கி., பிறகு 30. பத்து நாளில் தூங்கினேன், இரண்டு மாதத்தில் பழையபடி வகுப்பெடுக்க ஆரம்பித்தேன். அந்த மாத்திரைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் எட்டு மாதத்தில் 69 கிலோ ஆகிவிட்டேன், உயரம் 155 செ.மீ. ராத்திரி பதினொரு மணிக்குக் கை தானாக மிக்சர் டப்பாவுக்குப் போகிறது. ஒரு ஜாக்கெட் சேருவதில்லை. கல்யாண வீட்டில் "நல்லா தேறிட்டியே"ன்னு சொன்னாலே பாத்ரூமுக்குப் போய் அழத் தோன்றுகிறது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தது, அந்தப் பயம் வேறு. சித்திரையில் யாரிடமும் சொல்லாமல் மூணு வாரம் மாத்திரையை நிறுத்தினேன். திரும்பவும் அந்த மூணு மணி முழிப்பு வந்துவிட்டது, பயந்துபோய் மறுபடி ஆரம்பித்துவிட்டேன். ஐந்து வருடம் முன்னால் எஸ்சிடாலோப்ரம் கொடுத்தார்கள், வயிற்றைப் புரட்டியது, இரண்டு வாரத்தில் விட்டுவிட்டேன். எடை போடாத புது மாத்திரை ஏதாவது வந்திருக்கிறதா? இதைப் போய்க் கேட்டால் டாக்டர் "உயிர் முக்கியமா, உடம்பு முக்கியமா"ன்னு கேட்டுவிடுவாரோ?
*(பெயர் வேண்டாம், ஈரோடு)*

பதில்: டீச்சர், கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்களைத் தடுத்துக்கொண்டிருப்பது அதுதான். எடை கூடுவது அழகு சம்பந்தப்பட்ட புகார் இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை இருந்திருக்கிறது, உங்களுக்கு வயது 38, எட்டு மாதத்தில் 18 கிலோ ஏறியிருக்கிறது. ரத்த அழுத்தம் ஏறியதாக ஒருவர் சொன்னால் நான் எவ்வளவு கவனமாகக் கேட்பேனோ, அவ்வளவு கவனத்துக்கு இதுவும் உரியது. இன்னொன்றும் இருக்கிறது. எடை பயத்தில் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் ஏராளம், நீங்களே மூன்று வாரம் நிறுத்தியிருக்கிறீர்கள். அந்த மூன்று வாரம் உங்கள் டாக்டருக்குத் தெரியாது என்றால், அடுத்த முறை அவர் எடுக்கும் முடிவு பாதித் தகவலை வைத்து எடுத்ததாகத்தான் இருக்கும். எல்லா டாக்டரும் பொறுமையாகக் கேட்பார்கள் என்று நான் உத்தரவாதம் தரவில்லை. ஆனாலும் நீங்கள் கேட்டாக வேண்டும்.

ஒரு கணக்கைத் திருத்திக்கொள்வோம். 51-லிருந்து எண்ணினால் 18 கிலோ. ஆனால் 51 உங்கள் எடை இல்லை, அது நோயின் எடை. துக்கமும் பட்டினியும் தின்றுபோன ஏழு கிலோ திரும்பி வந்ததற்குப் பெயர் குணமாவது. 58-க்கு மேல் ஏறிய 11 கிலோதான் நாம் பேச வேண்டியது. அதுவும் குறைச்சல் இல்லை. நம் நாட்டினருக்குப் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று காட்டும் எண், 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல்பருமன் என்று வைத்திருக்கிறோம். நீங்கள் இப்போது 28-ஐத் தாண்டி நிற்கிறீர்கள். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. தராசைவிட அந்த டேப் முக்கியமான சேதி சொல்லும், ஒருமுறை அளந்து குறித்துவையுங்கள்.

சரி, ஏன் மிர்டாஸபின் இப்படிச் செய்கிறது? சளிக்குச் சில மாத்திரை போட்டால் கண்ணைச் சொருகுமே, அது ஹிஸ்டமின் என்ற பொருளின் வேலையைத் தடுப்பதால் வருவது. மிர்டாஸபினும் அதையே செய்கிறது, ரொம்பப் பலமாகச் செய்கிறது. தூக்கம் வருகிறது, கூடவே பசியும் கிளம்புகிறது. போதாததற்கு, மூளையில் "போதும், வயிறு நிறைந்தது" என்று சொல்லும் செரட்டோனின் வழி ஒன்றையும் அது அடைக்கிறது. ஆகவே பதினொரு மணிக்கு மிக்சர் டப்பாவுக்குப் போகிற கை உங்கள் மனக்கட்டுப்பாடு குறைந்ததால் போகவில்லை. நாற்பது பிள்ளைகளை ஒரே குரலில் அடக்குகிற உங்களுக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நீங்கள் சொன்னாலும் சேர்த்துத்தான். "பாதி மாத்திரை போட்டால் பாதிப் பசிதானே" என்று சிலர் தாங்களாகவே டோஸைக் குறைப்பார்கள். ஹிஸ்டமினைத் தடுக்கும் வேலை சின்ன டோஸிலேயே கிட்டத்தட்ட முழுதாக நடந்துவிடும். அதனால் பசி அப்படியே இருக்கும், மனச்சோர்வுக்கான பலன்தான் குறையும்.

உங்கள் டாக்டர் தேர்ந்தெடுத்தது தப்பில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தூங்காமல், சாப்பிடாமல் ஏழு கிலோ இறங்கி வந்து நின்றவருக்கு நானும் இதைத்தான் எழுதியிருப்பேன். அன்றைக்கு அந்தப் பக்கவிளைவே மருந்தாக இருந்தது. இன்றைக்கு நிலைமை மாறியிருக்கிறது, அதனால் மருந்தைப் பற்றி மறுபடி யோசிக்கிறோம், அவ்வளவுதான். நீங்கள் அவருடைய முடிவைக் குறை சொல்லப் போகவில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு போனால் பேச்சு சுலபமாக வரும்.

இப்போது "புது மாத்திரை" விஷயம். புதுசு என்றால் எடை போடாது, பழசு என்றால் போடும் என்று ஒரு விதி கிடையாது. ஃப்ளூஆக்ஸெட்டின் அமெரிக்காவில் 1987-லேயே அனுமதி பெற்றது, விலையும் குறைவு, எடை விஷயத்தில் இன்றைக்கும் நல்ல பிள்ளைதான். தொடக்க மாதங்களில் சிலருக்குப் பசி கொஞ்சம் குறையக்கூடச் செய்யும். காலையில் போடுவது நல்லது, மாலையில் போட்டால் தூக்கத்தைக் கெடுக்கலாம். செர்ட்ராலின், எஸ்சிடாலோப்ரம் இரண்டும் நடுவில் நிற்பவை, பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு கிலோவுக்குள் முடிந்துவிடும், சிலருக்கு மட்டும் கூடுதலாக ஏறும். அதே குடும்பத்தைச் சேர்ந்த பராக்ஸெட்டின்தான் நீண்ட நாள் சாப்பிட்டால் எடையைக் கூட்டும் பெயர் எடுத்தது. ராத்திரி வலிக்கும் தூக்கத்துக்கும் எழுதும் அமிட்ரிப்டிலின் மிர்டாஸபினைப் போலவே பசியைக் கிளப்பும்.

எடையைக் கூட்டாதது என்ற ஒரே காரணத்துக்காகப் பலரும் பெயர் சொல்லிக் கேட்பது புப்ரோபியான். சராசரியாக எடை கொஞ்சம் இறங்கவே செய்கிறது, தாம்பத்திய ஆசையையும் மற்ற மருந்துகளைப் போல மந்தமாக்குவதில்லை, சோம்பலாக எழவே முடியாமல் கிடப்பவர்களுக்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் வலிப்பு வந்தவர்களுக்கு, சாப்பிட்டுவிட்டு வேண்டுமென்றே வாந்தி எடுக்கும் பழக்கம் அல்லது பட்டினி கிடக்கும் நோய் உள்ளவர்களுக்கு, நாள்தோறும் குடித்துவிட்டுத் திடீரென நிறுத்துபவர்களுக்கு இது கூடவே கூடாது, வலிப்பைக் கிளப்பிவிடும். படபடப்பும் தூக்கமின்மையும் அதிகம் உள்ளவர்களுக்கும் முதல் வாரங்கள் கடினமாக இருக்கும். உங்கள் நோயின் அடையாளமே மூணு மணி முழிப்பு என்பதால், உங்களுக்கு இதை முதலில் எழுத நான் கொஞ்சம் தயங்குவேன்.

வோர்டியாக்ஸெட்டின் 2013-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, நம் ஊரிலும் கிடைக்கிறது. எடையைப் பெரிதாக அசைக்காது. முதல் வாரங்களில் குமட்டல்தான் அதன் தொந்தரவு, ஃப்ளூஆக்ஸெட்டினைவிட விலையும் கூடுதல். அகோமெலாட்டின் தூக்கத்தின் தாளத்தைச் சரிசெய்யும், எடையும் ஏற்றாது, ஆனால் தொடங்கும்போதும் பிறகு குறிப்பிட்ட வாரங்களிலும் கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை கட்டாயம். டெஸ்வென்லாஃபாக்ஸின், டுலாக்ஸெட்டின் போன்றவையும் உண்டு, அவற்றில் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2024-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வந்தது, இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது உங்கள் பயத்துக்கு ஒரு அளவு கொடுக்கும். மாத்திரையைப் புதிதாகத் தொடங்கிய சுமார் 1,83,000 பேரின் மருத்துவப் பதிவுகளைக் கொண்டு எட்டு மருந்துகளை ஒப்பிட்டார்கள். ஆறு மாதத்தில் செர்ட்ராலின் சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால் எஸ்சிடாலோப்ரம், பராக்ஸெட்டின், டுலாக்ஸெட்டின் சாப்பிட்டவர்களுக்குச் சராசரியாக 300 முதல் 400 கிராம்தான் கூடுதல். புப்ரோபியானில் 200 கிராம் போலக் குறைவு. ஃப்ளூஆக்ஸெட்டினுக்கும் செர்ட்ராலினுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மிர்டாஸபின் அந்த எட்டில் இல்லை. சராசரி என்பது பத்துப் பேரில் இரண்டு பேருக்கு ஆறு கிலோ ஏறி மற்றவர்களுக்கு ஒன்றும் ஏறாமல் இருந்தாலும் சின்னதாகத்தான் காட்டும், அதை மறந்துவிட வேண்டாம். ஆனாலும் "மனநல மாத்திரை என்றாலே குண்டாகிவிடுவோம்" என்று ஊரில் சொல்வது அப்படியே உண்மை இல்லை என்பது இதில் தெரிகிறது. எந்த மாத்திரை என்பதுதான் கேள்வி.

இனி, யாரும் சொல்ல விரும்பாத பகுதி. வேலை செய்கிற ஒரு மருந்தை விட்டு இன்னொன்றுக்குப் போவதில் ஒரு பந்தயம் இருக்கிறது. மனச்சோர்வு மருந்துகளைப் பற்றி அமெரிக்காவில் நடந்து 2006-ல் முடிவுகள் வந்த ஸ்டார்-டி என்ற பெரிய ஆய்வில், முதல் மருந்திலேயே முழுதாகத் தேறியவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். அது பலிக்காமல் வேறு மருந்துக்கு மாறியவர்களில் நாலில் ஒருவர் போலத்தான் முழுதாகத் தேறினார்கள். உங்கள் கதை வேறு, உங்களுக்கு மருந்து பலித்த பிறகு மாறுகிறீர்கள். இருந்தாலும் அடுத்த மருந்து இதே அளவு பிடிக்கும் என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது. 11 கிலோவும் அம்மாவின் சர்க்கரையும் ஒரு தட்டில், மூணு மணி முழிப்பு இன்னொரு தட்டில். என் கருத்தைக் கேட்டால், உங்கள் விஷயத்தில் மாற்றிப் பார்ப்பது நியாயம்தான், ஆனால் நிதானமாக, உங்கள் டாக்டரின் கண்பார்வையில்.

எஸ்சிடாலோப்ரம் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை முழுக்க ஒதுக்கிவிட வேண்டாம். வயிற்றைப் புரட்டுவது அந்தக் குடும்ப மருந்துகளின் முதல் பத்து நாள் குணம், பெரும்பாலும் தானாக அடங்கும். இரண்டு வாரத்தில் மருந்து பலிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது, நாலிலிருந்து ஆறு வாரமாவது வேண்டும். 5 மி.கி.யில் தொடங்கி, சாப்பாட்டுக்குப் பிறகு போட்டிருந்தால் தாங்கியிருப்பீர்களோ என்னவோ. என்ன டோஸ், எத்தனை நாள் என்று அந்தப் பழைய சீட்டைத் தேடிப் பாருங்கள், கிடைத்தால் அது தங்கம்.

மாற்றும் முறை டாக்டருக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருந்தால் பயம் குறையும். பெரும்பாலும் மிர்டாஸபினை 30-லிருந்து 15, அப்புறம் ஏழரை என்று சில வாரங்களில் இறக்கிக்கொண்டே புதியதை மெதுவாக ஏற்றுவார்கள். அந்த இடைவெளியில் சில ராத்திரிகள் தூக்கம் புரளும், அது நோய் திரும்பியதாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் மூணு மணி முழிப்பு நீடித்தாலோ, காலையில் எழவே மனமில்லாமல் போனாலோ உடனே சொல்லுங்கள், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. பொதுத்தேர்வு, விடைத்தாள் திருத்தும் நாட்கள், வீட்டு விசேஷம், அம்மாவின் திதி இவற்றைத் தள்ளி, சாதாரணமாக ஓடுகிற ஒரு மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் ஒருவருக்காவது, "நான் மாத்திரை மாற்றுகிறேன், என் முகம் மாறினால் சொல்லு" என்று சொல்லிவையுங்கள்.

மாற்றுவதற்கு முன்னால் தைராய்டுக்கான டி.எஸ்.எச்., வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி., கொழுப்பு, முடிந்தால் பி12 பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைந்தால் எடையும் ஏறும், மனமும் சோரும். மாத்திரையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டுத் தைராய்டைத் தப்பவிட்ட கதைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், என் கையெழுத்துப் போட்ட சீட்டில்கூட ஒன்று உண்டு. அந்த அம்மாவுக்கு ஏழு மாதம் வீணானது, அதற்குப் பிறகு இந்தப் பரிசோதனையை நான் தள்ளிப்போடுவதே இல்லை.

டாக்டர் அறையில் ஐந்து நிமிடம்தான் கிடைக்கும் என்றால் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், பேசக் கூச்சமும் தேவையில்லை. இப்படி எழுதலாம்: "மிர்டாஸபினில் தூக்கமும் மனதும் நன்றாக இருக்கிறது. நோய்க்கு முன் 58 கிலோ, இப்போது 69. அம்மாவுக்குச் சர்க்கரை. எடை பயத்தில் சித்திரையில் மூன்று வாரம் நிறுத்தினேன், முழிப்பு திரும்ப வந்தது. எடை ஏற்றாத வேறு மருந்துக்கு மாற முடியுமா, இல்லையென்றால் இதிலேயே எடையைக் கட்டுப்படுத்த என்ன செய்யலாம்?" கீழே, வலிப்பு எப்போதாவது வந்ததா, தலையில் பலத்த அடி பட்டதா, ரத்த அழுத்தம் எவ்வளவு, குழந்தை பெறும் திட்டம் இருக்கிறதா, வலிக்கு டிரமடால் போடுகிறீர்களா, மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்ஸிஃபென் சாப்பிடுகிறீர்களா, நாட்டு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா என்பதையும் எழுதுங்கள். புப்ரோபியான், ஃப்ளூஆக்ஸெட்டின், பராக்ஸெட்டின் மூன்றும் டமாக்ஸிஃபெனின் வேலையைக் குறைத்துவிடும், அதனால்தான் கேட்கிறேன்.

அதுவரை ராத்திரிப் பசிக்கு ஒரு ஏற்பாடு. சாப்பிட்ட பிறகு மாத்திரை போடுங்கள், போட்ட அரைமணி ஒரு மணிக்குள் படுக்கைக்குப் போய்விடுங்கள். மாத்திரை போட்டுவிட்டு விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் அந்தப் பசி வந்தே தீரும். ராத்திரிச் சாப்பாட்டில் முட்டையோ பருப்போ சுண்டலோ கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும், வெறும் இட்லியும் சர்க்கரையும் பத்து மணிக்குள் கரைந்துவிடும். மிக்சர் டப்பா வீட்டிலேயே இல்லாமல் இருப்பது நல்லது, பிள்ளைகள் கேட்டால் கடையில் சின்னப் பாக்கெட் வாங்கிக்கொள்ளட்டும். பட்டினி கிடக்காதீர்கள், மனச்சோர்விலிருந்து எழுந்த உடம்பு அதைத் தாங்காது. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கி நடப்பதுபோல ஏதாவது, பதினைந்து நிமிடத்தில் ஆரம்பிக்கலாம். நடை எடைக்கு மெதுவாகத்தான் உதவும், மனதுக்குச் சீக்கிரமே உதவும். எடை பார்ப்பது வாரம் ஒருமுறை, ஒரே கிழமை, ஒரே நேரம். தினமும் ஏறி நின்று அழ வேண்டாம்.

மருந்தை மாற்றினாலும் ஏறிய எடை மறுமாதமே இறங்காது. முதலில் ஏறுவது நிற்கும், அதற்கே சில வாரங்கள் ஆகும், அப்புறம்தான் மெல்ல இறங்கும். அம்மாவின் இழப்பைப் பற்றிப் பேச ஒரு உளவியல் ஆலோசகர் கிடைத்தால் மாத்திரையோடு சேர்த்து அதையும் செய்யுங்கள், பேச்சு சிகிச்சைக்கு எடை ஏற்றும் குணம் இல்லை.

கேள்வி: வயசு 26, சென்னையில் ஐ.டி. வேலை. ஒன்றரை வருஷமா பராக்ஸெட்டின் 25 மி.கி. சாப்பிடுறேன், 12 கிலோ போட்டுட்டேன். நெட்ல படிச்சதுல புப்ரோபியான்தான் பெஸ்ட்னு தெரியுது. சின்ன வயசுல ரெண்டு தடவை ஃபிட்ஸ் வந்திருக்கு, இப்ப ஒண்ணுமில்ல. மெடிக்கல் ஷாப்ல தெரிஞ்ச அண்ணன் இருக்கார், நானே மாத்திக்கலாமா?
*(வாசகர், சென்னை)*

பதில்: தம்பி, வேண்டாம். இரண்டு காரணம், இரண்டுமே பெரியவை.

நீங்கள் "இப்ப ஒண்ணுமில்ல" என்று கடந்துபோன ஃபிட்ஸ்தான் முதல் காரணம். புப்ரோபியான் உங்களுக்கு ஏற்றதில்லை, அந்த வார்த்தை உங்கள் சீட்டில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். காய்ச்சலில் வந்த ஃபிட்ஸா, எத்தனை வயதில் என்று வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டு டாக்டரிடம் சொல்லுங்கள், ஆனால் அதை எடைபோட வேண்டியது அவர், நீங்களோ மெடிக்கல் ஷாப் அண்ணனோ இல்லை. அடுத்தது பராக்ஸெட்டின். நிறுத்தும்போது அதிகம் படுத்துகிற மருந்துகளில் அது ஒன்று. சட்டென்று விட்டால் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடிப்பதுபோல ஒரு வெட்டு, வண்டி ஓட்டும்போது வந்தால் ஆபத்து. அதை வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் படிப்படியாக இறக்க வேண்டும்.

உங்கள் எடைக் கவலை சரியானது, பராக்ஸெட்டினை மாற்றிக் கேட்பதும் சரியானதுதான். ஃப்ளூஆக்ஸெட்டின், செர்ட்ராலின், வோர்டியாக்ஸெட்டின் என்று உங்களுக்கும் வழிகள் இருக்கின்றன. இரவு ஷிஃப்ட் வேலை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், 12 கிலோவில் ஷிஃப்டுக்கும் பங்கு இருக்கலாம்.

கேள்வி: என் மகளுக்கு 21 வயது, கல்லூரி மூன்றாம் ஆண்டு. கடுமையான மனச்சோர்வு, காதில் யாரோ திட்டுவது போலக் கேட்கிறது என்றாள். செர்ட்ராலினோடு ஒலான்ஸபின் சேர்த்துக் கொடுத்தார்கள். குரல் நின்றுவிட்டது. நான்கு மாதத்தில் 10 கிலோ கூடிவிட்டாள். கல்லூரிக்குப் போக மறுக்கிறாள், என் மாமியார் வேறு சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துப் பார்த்துப் பேசுகிறார். எந்த மாத்திரையை நிறுத்தலாம்?
*(ஒரு தாய், தஞ்சாவூர்)*

பதில்: அம்மா, நீங்களாக எதையும் நிறுத்தக் கூடாது, குறிப்பாக ஒலான்ஸபினை. அது மனச்சோர்வு மாத்திரை இல்லை, மனச்சோர்வோடு குரல் கேட்பது போன்றவை சேரும்போது துணைக்குப் போடுவது. அந்தக் குரல்கள் ஒரு பெண்ணை எங்கே தள்ளும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன். எடை ஏற்றுவதில் ஒலான்ஸபின் முன்வரிசையில் இருப்பதும் உண்மை. முதல் சில மாதங்களில்தான் அது வேகமாக ஏறும், எனவே "அடுத்த ரிவ்யூவில் கேட்டுக்கலாம்" என்று தள்ளாமல் இந்த வாரமே போய்ச் சொல்லுங்கள்.

மூன்று விஷயம் கேளுங்கள். இன்னும் எத்தனை மாதம் ஒலான்ஸபின் தேவைப்படும்? அரிபிப்ரஸோல் போல எடையை அவ்வளவாக ஏற்றாத ஒன்றுக்கு மாற முடியுமா? மாற முடியாதென்றால் மெட்ஃபார்மின் சேர்க்கலாமா? மெட்ஃபார்மின் சர்க்கரை மாத்திரை என்று பயப்பட வேண்டாம், இந்த வகை மருந்துகளால் ஏறும் எடையைக் கட்டுப்படுத்த அதைப் பயன்படுத்துவது பழகிய வழிதான். சர்க்கரை, கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு மூன்றையும் இப்போதே அளந்து வையுங்கள். மாதவிடாய் தள்ளிப்போகிறதா என்றும் மகளிடம் கேளுங்கள்.

மாமியாரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பெரியவர் கெட்ட எண்ணத்தில் பேசியிருக்க மாட்டார், ஆனால் அந்தப் பேச்சு அந்தப் பெண்ணுக்கு நல்லதல்ல. குரல்கள் திட்டியதிலிருந்து இப்போதுதான் மீண்டிருக்கிறாள், வீட்டிலும் யாரும் திட்டக் கூடாது. "இது மருந்தால் வருகிற பசி, அவளாகத் தின்று கொழுக்கவில்லை, டாக்டரே சொன்னார்" என்று என் பெயரைச் சொல்லியே மாமியாரிடம் சொல்லுங்கள். மகளுக்கு மட்டும் தனியாக ஓட்ஸ் கஞ்சி, மற்றவர்களுக்குப் பூரி என்று வைக்காதீர்கள், வீடே ஒரே சாப்பாட்டுக்கு மாறட்டும். இனிப்புப் பானங்களை நிறுத்துவதே முதல் மாதத்துக்குப் போதும், இந்த மருந்தில் தாகமும் வாய் உலர்வும் வரும், அதற்கு ஜூஸும் கூல்டிரிங்கும் குடித்தே பல கிலோ ஏறும்.

இன்னொன்றைக் கவனியுங்கள். சாப்பிட்டதும் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாளா, மாத்திரையை விழுங்காமல் ஒளித்துவைக்கிறாளா? சண்டை போடாமல் மென்மையாகக் கேளுங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். 25 வயதுக்குள் இருப்பவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரையைத் தொடங்கும்போதும் டோஸ் மாற்றும்போதும் முதல் சில வாரங்கள் தற்கொலை எண்ணம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவள் படபடப்பாகவோ வழக்கத்துக்கு மாறாகவோ தெரிந்தால் அன்றைக்கே அழைத்துப் போங்கள்.

கேள்வி: எடை குறைக்கும் ஊசி இப்போது எல்லா இடத்திலும் பேச்சாக இருக்கிறது. மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுபவர்கள் போட்டுக்கொள்ளலாமா?
*(வாசகர், கோயம்புத்தூர்)*

பதில்: நீங்கள் கேட்பது டிர்செபடைட், செமாக்ளுடைட் ஊசிகளை. எடைக்கென்று 2025 மார்ச்சிலும் ஜூனிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தவை. இவற்றால் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்ற சந்தேகம் எழுந்து, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 ஜனவரியில் அப்படி ஒரு தொடர்புக்கு ஆதாரம் தெரியவில்லை என்றது, அதே ஆண்டு ஐரோப்பிய அமைப்பும் ஏறக்குறைய அதையே சொன்னது. ஆகவே மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதாலேயே ஊசி கூடாது என்பதில்லை. ஆனால் மனச்சோர்வு இன்னும் அடங்காதவர்கள், சாப்பாட்டை வெறுக்கும் நிலையில் இருப்பவர்கள், கணைய அழற்சி வந்தவர்கள், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள் போடக் கூடாது அல்லது தள்ளிப்போட வேண்டும். எடை ஏற்றுகிற மாத்திரையை மாற்றிப் பார்க்காமலே நேராக ஊசிக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஊசியை நிறுத்தினால் பசி திரும்பிவிடும், செலவும் மாதாமாதம். மனநல மருத்துவரும் சர்க்கரை மருத்துவரும் ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்த்தாக வேண்டும்.

கேள்வி: தனியார் டாக்டருக்கு ஒவ்வொரு முறையும் பணம் கட்ட முடியவில்லை. மாத்திரையை மாற்ற வேண்டும் என்றால் எங்கே போவது?
*(பெயர் வேண்டாம், மதுரை மாவட்டம்)*

பதில்: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எல்லாவற்றிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். ஆலோசனையும் அங்கே இருப்பில் உள்ள மாத்திரைகளும் இலவசம். ஃப்ளூஆக்ஸெட்டின், செர்ட்ராலின் போன்ற பழைய மருந்துகள் பொதுவாகக் கிடைக்கும், வோர்டியாக்ஸெட்டின் போன்றவை வெளியே வாங்க வேண்டியிருக்கலாம். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது, 1794-லிருந்து நடந்துவரும் இடம், வெளிநோயாளியாகப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

போக முடியாத நாளில் டெலி மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசி எண் 14416. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. நடு ராத்திரியில் உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று தோன்றினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரத்திலேயே அழையுங்கள், பக்கத்தில் படுத்திருப்பவரையும் எழுப்புங்கள்.

ஓ.பி.க்குப் போகும்போது சீக்கிரம் போய்விடுங்கள், கூட்டம் இருக்கும். பழைய சீட்டுகளோடு இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் காலி அட்டைகளையும் எடுத்துப் போங்கள், பெயர் மறந்துபோனாலும் அட்டையைப் பார்த்து டாக்டர் தெரிந்துகொள்வார்.